உள்பக்கம் வெள்ளை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அடுத்து மூக்கு. மூக்குவரை வந்துவிட்டால் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். எங்கள் டீமில் எல்லாருக்கும் இது தெரியும்.

இறுதி ஆட்டத்தன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே மூக்குவரை வந்துவிட்டது.

நான் கோல்கீப்பர். டீமில் என்னைக் 'கதவு' என்று கூப்பிடுவார்கள். பந்தைத் தடுத்துவிட்டால், "கதவுன்னா கதவு" என்பார்கள். விட்டுவிட்டால், "யாருடி கதவைத் திறந்து போட்டது?" என்பார்கள். இரண்டும் எனக்குப் பழகிவிட்டது.

மூன்று பக்கத்து நாடுகள் சேர்ந்து நடத்தும் போட்டி அது. பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு. இந்தத் தடவை எங்கள் மைதானத்தில் நடந்தது. ஒரு நாடு தோற்றுப்போய் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. மிச்சம் இருந்தது நாங்களும், எல்லைக்கு அந்தப் பக்கத்து டீமும். அவர்கள் பேசுவதும் எங்கள் மொழிதான். என்ன, கொஞ்சம் இழுத்துப் பேசுவார்கள். அவர்களைக் கேட்டால் நாங்கள்தான் இழுக்கிறோம் என்பார்கள்.

எங்கள் ஜெர்சி வான்நீலம். அவர்களுடையது வெள்ளை, நெஞ்சில் சிவப்பு நூலில் தைத்த ஒரு பறவை.

மைதானத்துக்குப் பின்னால் சலவை அறை இருக்கிறது. என் அம்மா அங்கேதான் வேலை பார்க்கிறாள். எந்த நாடு வந்தாலும் அதன் சேறு கடைசியில் அம்மாவிடம்தான் வந்து சேரும்.

அன்று நான் உள்ளே போனபோது அம்மா மெஷின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு ஜெர்சி. வான்நீலம். நெஞ்சில் சிவப்புப் பறவை.

"என்னம்மா இது? அவங்க பறவை நம்ம ஜெர்சியில வந்து உட்கார்ந்திருக்கு?"

"நம்ம ஜெர்சி இல்லடி. அவங்களோடதுதான்."

"அது வெள்ளையால்ல இருந்துச்சு."

"இருந்துச்சு" என்றாள் அம்மா. மெஷினுக்குள் கையை விட்டு, கடைசியாக ஒன்றை வெளியே இழுத்தாள். கருநீலக் கோட்டு. அவளுடைய கோட்டு.

இந்தக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். போட்டிச் செயலாளர் ஒருவர் இருந்தார். எப்போதும் கையில் மைக்கோடு அலைவதால் நாங்கள் அவரை மைக் சார் என்போம். வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், எல்லாரும் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லி, வேலைக்காரர்களுக்கெல்லாம் புதுக் கோட்டு கொடுத்தவர் அவர்தான். மட்டமான துணி. அம்மா அதைப் போட்டுக்கொண்ட நாளிலிருந்து அவள் கழுத்தும் கையும் நீலமாகத்தான் இருந்தன.

அன்று காலை சலவை அறையில் புழுக்கம் தாங்கவில்லை. அம்மா கோட்டைக் கழற்றி, பக்கத்தில் இருந்த துணிக் குவியல்மேல் வைத்தாள். அந்த நேரம் பார்த்து மைக் சார் போனில், "இன்னுமா துவைக்கல? சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தினார். அம்மா குவியலை அப்படியே அள்ளி மெஷினில் போட்டாள். அந்தக் குவியல்தான் வெள்ளை ஜெர்சிகள்.

அவ்வளவுதான். யாருக்கு வேண்டுமானாலும் நடக்கும்.

ஆனால் நடந்தது இறுதி ஆட்டத்தன்று. நடந்தது எதிர் டீமுக்கு. துவைத்தது எங்கள் டீம் கோல்கீப்பரின் அம்மா.

கொஞ்ச நேரத்தில் வாசல் நிறைய ஆட்கள். முன்னால் மைக் சார். பின்னால் எதிர் டீம் பெண்கள், பயிற்சி உடையில்.

"என்னம்மா வேலை பார்க்கறீங்க?" மைக் சார் குரல் மைக் இல்லாமலே மைதானம்வரை கேட்டது. "கண்ணு எங்க இருந்துச்சு? நாட்டு மானம் போச்சே."

"என் தப்புதான் சார்" என்றாள் அம்மா. "கோட்டு உள்ள போயிடுச்சு. மறுபடி துவைச்சுப் பார்க்கறேன்."

அவர்களுடைய கேப்டன் முன்னால் வந்தாள். ஒன்பதாம் எண். என்னைவிடக் குட்டை, ஆனால் பார்வை மட்டும் எட்டு அடி உயரம். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"உங்க துணி எதுலயும் கறை இல்லையே. எங்க துணிக்கு மட்டும் எப்படி கோட்டு நடந்து போச்சு?"

"ஏய், எங்க அம்மா ஒண்ணும் வேணும்னு பண்ணல."

"நான் வேணும்னு சொல்லவே இல்லையே. நீதான் சொல்ற."

காது சூடானது. அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

மைக் சார் மட்டும் போகவில்லை. வாசலை எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தினார். பிறகு சிரித்தார். நிஜமாகவே சிரித்தார்.

"எல்லார் முன்னாலயும் திட்டித்தான் ஆகணும். மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் தாழ்ந்த குரலில். "அவங்ககிட்ட வேற ஜெர்சி இல்ல. ரெண்டு டீமும் ஒரே நிறத்துல ஆட நடுவர் விட மாட்டாங்க. ஆடாமலே கோப்பை நமக்கு. நல்ல மூளைம்மா உங்களுக்கு. நாட்டுப்பற்றுன்னா இதுதான்."

அவர் போன பிறகு அம்மா வெகு நேரம் அந்த ஜெர்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திட்டினதைத் தாங்கிக்கிட்டேன்" என்றாள். "பாராட்டினாரு பாரு, அதைத்தான் தாங்க முடியல."

அப்போதுதான் மூக்குவரை வந்தது.

உடை மாற்றும் அறைக்குப் போனால் அங்கே ஒரே கொண்டாட்டம். எங்கள் கேப்டன் பெஞ்சின்மேல் நின்று ஆடிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் பீரங்கி. அவள் உதைத்தால் பந்து அழும்.

"வந்துட்டா பாரு. கதவு, உங்க அம்மாவுக்கு ஒரு கும்பிடு. நாம பதினோரு பேர் பண்ண வேண்டியதை ஒரே ஆளா பண்ணிட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான் பக்கத்திலிருந்த வாளியை உதைத்தேன். அது இரும்பு வாளி. கால் விரல் உயிர் போயிற்று. ஆனால் அறை அமைதியானது.

"அம்மா வேணும்னு பண்ணல" என்றேன். "இன்னொரு தடவை யாராவது சொன்னா அடுத்து வாளி இல்ல."

கோச் அக்கா எழுந்து இரண்டு கைகளையும் காட்டி எங்களை உட்காரச் சொன்னார். முந்தின ஆட்டத்தில் கத்திக் கத்தி அவருக்குச் சுத்தமாகத் தொண்டை கட்டிவிட்டது. இரண்டு நாளாகச் சைகைதான்.

அந்த நேரத்தில் நடுவர் உள்ளே வந்தார். மூன்றாவது நாட்டுக்காரர். அதிகம் பேசாத பெண்.

"ரெண்டு டீமும் ஒரே நிறத்துல இருந்தா நான் ஆட்டத்தைத் தொடங்க மாட்டேன்" என்றார். "நாலு மணிக்கு மைதானத்துல நிறம் வேற வேறயா இருக்கணும். இல்லன்னா அவங்க தோத்ததா எழுதிடுவேன். துணி அவங்களோடதுதானே மாறியிருக்கு."

"பயிற்சிக்குப் போடற ஆரஞ்சு பனியன் இருக்கே" என்றேன். "அதை ஜெர்சிமேல போட்டுக்கலாமே."

"அவங்களுக்குக் குடுத்துப் பார்த்தாச்சு" என்றார் வாசலில் நின்ற மைக் சார். "போட மாட்டாங்களாம். பறவை மறையுதாம்."

"அப்ப நாங்க போட்டுக்கறோம்."

மைக் சார் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "உங்க நெஞ்சுல இருக்கறது யார் பேரு?"

ஒரு மெத்தைக் கம்பெனியின் பெயர். எங்கள் ஜெர்சி அவர்கள் கொடுத்தது. கம்பெனி முதலாளி முன்வரிசையில் உட்காரப் போகிறார்.

"அது மறைஞ்சா என் தலை போயிடும்" என்றார் மைக் சார். பனியன்கள் அவர் அறையில் இருந்தன. சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. பையை ஒருமுறை தட்டிக்காட்டிவிட்டுப் போனார்.

அவர்களுக்குப் பறவை மறையக் கூடாது. இவருக்கு மெத்தை மறையக் கூடாது. நடுவில் என் அம்மா திருடி ஆகிவிட்டாள். கோப்பையை நாங்கள் வாங்கினால் ஊரில் காலத்துக்கும் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். கதவோட அம்மா துவைச்சு வாங்கின கோப்பை.

நான் நேராக எதிர் டீமின் அறைக்குப் போனேன். உள்ளே யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். ஒன்பது அழவில்லை. காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, பார்க்க வந்தியா?" என்றாள்.

"உன்னைக் கூட்டிட்டுப் போக வந்தேன். எழுந்திரு."

"எங்க?"

"எங்க அம்மா திருடியான்னு பார்க்க. தூரத்துல இருந்து சொல்றது சுலபம். பக்கத்துல வந்து சொல்லு."

அவள் என் மூக்கைப் பார்த்தாள். எழுந்து வந்தாள். பயந்து வந்ததாகத் தெரியவில்லை. அவளுக்கும் மூக்கு சிவந்துதான் இருந்தது.

சலவை அறையில் அம்மா முழங்கைவரை சோப்புத் தண்ணீரில் இருந்தாள். பக்கத்தில் வாளி வாளியாக நீலத் தண்ணீர். மெஷின் கைவிட்டுவிட்டது என்று கையால் கசக்கிக்கொண்டிருந்தாள். எத்தனை கசக்கியும் பறவைக்குப் பின்னால் வானம் போகவே இல்லை.

ஒன்பது அம்மாவின் கையைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். சுவரில் சொட்டிக்கொண்டிருந்த கோட்டைப் பார்த்தாள்.

"உங்க மேலயும் போகலையா?" என்றாள்.

"போட்டுக்கிட்ட அன்னியிலிருந்து தேய்க்கறேன்" என்றாள் அம்மா. "என் தோலே வெளுக்கல. உங்க துணி எங்க வெளுக்கப் போகுது? மன்னிச்சுக்கோம்மா. நான் பார்த்துப் போட்டிருக்கணும்."

ஒன்பது வாளியை ஒரு விரலால் தொட்டாள்.

"நம்பறேங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா அந்த ஆரஞ்சைப் போட மாட்டோம். இந்தப் பறவைக்காகத்தான் நாங்க எல்லாரும் பாதி வருஷம் ஓடியிருக்கோம். அதை மூடிட்டு ஆடறதுக்குப் பேசாம பஸ் ஏறிடலாம்" என்றாள்.

"உன்னை யாரும் போடச் சொல்லல" என்றேன்.

"அப்புறம் என்ன பண்றது?"

அது தெரிந்திருந்தால் நான் ஏன் வாளியை உதைக்கப் போகிறேன். கோபத்தோடு பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். அங்கே துணி காயும் கொடி. அதில் வரிசையாக ஜெர்சிகள் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் வெள்ளை. நல்ல பளீர் வெள்ளை.

"அம்மா" என்று கூப்பிட்டேன். "வெளுத்துடுச்சே. பாதி வெளுத்துடுச்சே."

அம்மா ஓடி வந்தாள். பின்னாலேயே ஒன்பது. அம்மா கொடியைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, அது உங்களோடதுடி. உள்பக்கம் தெரியுது. அச்சடிச்ச துணி, மேல மட்டும்தான் நீலம். அந்த மெத்தை எழுத்து உரிஞ்சு வந்துடும்னு எப்பவும் திருப்பிப் போட்டுத்தானே துவைப்பேன். காயப்போடறதும் அப்படித்தான். அவங்களோடது பருத்தி, அதான் ரெண்டு பக்கமும் சாயம் குடிச்சிடுச்சு."

நான் கொடியைப் பார்த்தேன். ஒன்பதும் கொடியைப் பார்த்தாள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"நீங்க வெள்ளை" என்றாள் ஒன்பது மெதுவாக.

"நீங்க நீலம்" என்றேன்.

"எண்?" என்றாள். "பின்னால எண் இருக்கணுமே."

அம்மா ஏற்கெனவே உள்ளே போயிருந்தாள். மெஷின் ஒயரில் சுற்றும் கறுப்பு டேப்போடு திரும்பி வந்தாள். "சொல்லுங்க, ஒண்ணுலேருந்து ஒட்டறேன். வளைஞ்ச எண்ணெல்லாம் கொஞ்சம் கோணலா வரும். அதுக்கு நான் பொறுப்பில்ல."

ஜெர்சிகளை அள்ளிக்கொண்டு எங்கள் அறைக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். யாரும் கையை நீட்டவில்லை.

"எதுக்கு?" என்றாள் பீரங்கி. "சும்மா உட்கார்ந்திருந்தா கோப்பை வருது. இதைத் திருப்பிப் போட்டு ஓடினா தோத்தாலும் தோப்போம். உனக்கென்ன, கோல்கீப்பர். உன் ஜெர்சி மஞ்சள். நீ திருப்ப வேண்டியதே இல்ல."

நான் என் ஜெர்சியைக் கழற்றி, திருப்பி, மறுபடி போட்டுக்கொண்டேன். என்னுடையது இரண்டு பக்கமும் மஞ்சள்தான், ஆனால் உள்பக்கம் வந்த மெத்தைக் கம்பெனியின் பிளாஸ்டிக் எழுத்து நெஞ்சில் சுரண்டியது.

"நாளைக்கு ஸ்கூல்ல கேப்பாங்க" என்றேன். "பைனல்ல எத்தனை கோல் அடிச்சேன்னு. என்ன சொல்லுவ? 'நான் பெஞ்சுல நின்னு ஆடினேன், கதவோட அம்மா துவைச்சாங்க'ன்னா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அந்த ஒன்பது வேற ஊரெல்லாம் சொல்லும்" என்றேன். "'பீரங்கி பீரங்கின்னாங்க. வெடிக்கவே இல்ல. ஒரு கோட்டுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிச்சு'ன்னு."

"அவ அப்படிச் சொன்னாளா?"

"இன்னும் சொல்லல."

பீரங்கி கோச் அக்காவைப் பார்த்தாள். கோச் அக்கா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அதனால் எழுந்து, குவியலிலிருந்து ஏழாம் எண்ணை எடுத்து, திருப்பியபடியே பீரங்கி மடியில் போட்டார்.

"அரிச்சா உன்னைத்தான் உதைப்பேன்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே பீரங்கி அதைத் தலைவழியாக மாட்டினாள். மற்றவர்கள் கையும் குவியலுக்கு நீண்டது. அம்மா வந்து ஒவ்வொரு முதுகாகத் திருப்பி டேப் ஒட்டினாள்.

மைதானத்துக்குப் போகும் வழியில் மைக் சார் குறுக்கே நின்றார். பத்து வெள்ளை நெஞ்சுகளையும் பெயரில்லாத என் மஞ்சளையும் பார்த்ததும் அவர் முகம் கோட்டுச் சாயம் ஏறியதுபோல ஆனது.

"பேர் எங்க? யார் சொல்லி இப்படிப் போட்டீங்க?"

"பேர் உள்ளதான் இருக்கு சார்" என்றேன். "நல்லா ஒட்டிக்கிட்டு அரிக்குது."

"திருப்பிப் போடுங்க. இல்லன்னா ஒருத்தரும் உள்ள போக முடியாது."

நடுவர் பந்தைக் கையில் வைத்தபடி வந்தார். எங்களைப் பார்த்தார். அந்தப் பக்கம் நீலமாக நின்ற எதிர் டீமைப் பார்த்தார்.

"எண் இருக்கு. நிறம் வேற வேற" என்றார். "ஜெர்சியோட எந்தப் பக்கம் வெளிய தெரியணும்னு விதியில எங்கயும் இல்ல. வழி விடுங்க சார், மணி நாலு."

அப்புறம் நடந்தது ஆட்டம். அதில் பந்தை வெள்ளைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்கே பத்து நிமிடம் பிடிபடவில்லை. இதுவரை எதிரி நிறமாக இருந்ததே. பீரங்கி இரண்டு முறை அழகாகப் பந்தைக் கொண்டுபோய் நீலத்திடம் கொடுத்துவிட்டு, தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். அவர்களும் அதையே செய்தார்கள். முன்வரிசையில் மெத்தைக் கம்பெனி முதலாளி தலையைச் சாய்த்துச் சாய்த்து, துணிக்குள்ளிருந்து மங்கலாகத் தெரிந்த தன் கம்பெனிப் பெயரை வலமிருந்து இடமாக வாசிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்கு முன் பீரங்கி வெடித்தாள். ஒரு கோல். அடித்த வேகத்தில் அவள் முதுகில் இருந்த 7-இன் மேல்கோடு உரிந்து, அவள் 1 ஆகிவிட்டாள். நடுவர், "ஏழு எங்க போச்சு?" என்று தேடினார்.

இடைவேளைக்குப் பிறகு அவர்கள் ஒன்று அடித்தார்கள். முடியப் போகிற நேரத்தில் ஒன்பது தனியாக என்னை நோக்கி வந்தாள். நான் இடது பக்கம் பாய்ந்தேன். சரியாகத்தான் பாய்ந்தேன். விரல் நுனியில் பந்து பட்டது. பட்டுவிட்டு உள்ளே போனது.

இரண்டுக்கு ஒன்று. தோற்றுவிட்டோம்.

நான் மண்ணில் குத்தினேன். காது சூடாக இருந்தது, மூக்கு சூடாக இருந்தது. ஆனால் இது வேறு கோபம். காலையில் வந்தது போல நெஞ்சை அடைக்கவில்லை. இன்னும் ஒரு விரல் நீளம் எட்டியிருந்தால் என்கிற கோபம். இதை வைத்துக்கொண்டு நாளைக்குப் பயிற்சிக்கு வரலாம்.

"கதவை யாருடி திறந்து போட்டது?" என்றாள் பீரங்கி. சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். "அரிக்குதுடி" என்றாள்.

சலவை அறைக்குப் போனேன். மைக் சார் எனக்கு முன்னால் வந்திருந்தார். இப்போது கதவைச் சாத்தவில்லை, சிரிக்கவும் இல்லை.

"உங்களாலயும் உங்க பொண்ணாலயும் கோப்பையும் போச்சு, கம்பெனிக்காரர்கிட்ட என் பேரும் போச்சு. நாளையிலிருந்து நீங்க வர வேணாம்."

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். "காலையில மூளைக்காரின்னீங்க. இப்ப வர வேணாம்கறீங்க. ரெண்டும் நான் இல்ல சார். கோட்டு தவறி உள்ள போச்சு, அவ்வளவுதான்."

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது வாசலில் யாரோ இருமினார்கள். ஒன்பது. தோளில் ஒரு பெரிய பை. பின்னால் அவள் டீமில் நான்கைந்து பேர்.

"துவைக்கணும்" என்றாள் அம்மாவிடம். "சேறு. நாளைக்குக் காலையில பஸ்."

மைக் சார் அவசரமாக, "நீங்க குடுங்கம்மா, வேற ஆளை வெச்சு..." என்று பைக்குக் கை நீட்டினார்.

ஒன்பது பையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "இவங்கதான் துவைக்கணும். வேற ஆள் கையில குடுக்க மாட்டோம்."

மைக் சார் பையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வெளியே வந்துகொண்டிருந்த இன்னும் கொஞ்சம் நீல ஜெர்சிகளைப் பார்த்தார். "நாளைக்குப் பேசிக்கலாம்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். நாளைக்குப் பேசுவார், தெரியும். பேசட்டும். எனக்கும் வாய் இருக்கிறது.

"என்ன நிறத்துல வேணும்?" என்று ஒன்பதிடம் கேட்டேன்.

"இப்படியே இருக்கட்டும். பறவைக்கு வானம் வேணுமில்ல" என்றாள். பிறகு பையை நீட்டிக்கொண்டே, கொஞ்சம் இழுத்து, "ஆனா இன்னும் நீலமாக்கிடாதீங்கம்மா" என்றாள்.

அம்மா உடனே பையை வாங்கவில்லை. சுவரில் தொங்கிய கோட்டை எடுத்துக்கொண்டுபோய், வாசலுக்கு வெளியே இருந்த ஆணியில் மாட்டினாள். அப்புறம்தான் கையை நீட்டினாள்.